கழுத்து வலி, முதுகு வலி: நம் வீட்டிலேயே உள்ள கருவிகள்

(ஜமாஅத் நிர்வாகக் குழுவின் சார்பில் இஷா தொழுகைக்குப் பின் நடைபெற்ற மருத்துவ விளக்கக் கூட்டத்தில், நமது மஹல்லாவைச் சேர்ந்த இயன்முறை மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)





ஒரு மணி நேரம் பேசும்படி செயலாளர் அவர்கள் கேட்டுக்கொண்டார்கள். இருபது நிமிடம் போதும் என்று நான் கூறிவிட்டேன். முதுகு வலியைப் பற்றி ஒரு மணி நேரம் உட்கார வைத்துப் பேசினால், அந்த வலியை உங்களுக்கு நானே உண்டாக்கியவன் ஆவேன். இடையில் எழுந்து நிற்கத் தோன்றுபவர்கள் தாராளமாக எழுந்து நிற்கலாம். அதை அவமரியாதையாக நான் கருதமாட்டேன்; இன்றைய பாடத்தின் முதல் பகுதியே அதுதான்.

நான் சிறுவனாக இருந்த காலத்தில், நமது பள்ளிவாசலில் நாற்காலியில் அமர்ந்து தொழுதவர்கள் என்று வயது முதிர்ந்த ஒருவரையோ இருவரையோ பார்த்ததாகத்தான் நினைவு. இன்று ஜும்ஆவிற்கு வந்தால் ஓரங்களில் நாற்காலிகள் நீண்டுகொண்டே போகின்றன. நாற்காலியில் தொழுவது பற்றிய சட்டத்தை ஹஜ்ரத் அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்; அது என் வேலை அன்று. என் கவலையெல்லாம் அந்த நாற்காலிகளில் தெரியும் நாற்பது வயது முகங்களைப் பற்றியது. "என்ன பாய், முட்டியா?" என்று கேட்டால், "இல்லை, முதுகு" என்கிறார்கள்.

காரணத்தைத் தேடி வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. நம் ஊர் உட்கார்ந்து உழைக்கும் ஊர். பிள்ளையார்பாளையத்தில் ஏதேனும் ஒரு தறி வீட்டிற்குள் நுழைந்து பாருங்கள். குழித்தறியில் நெய்பவர் தரை மட்டத்தில் அமர்ந்து, கால்களைக் குழிக்குள் விட்டு, மிதிகளை மாற்றி மாற்றி மிதிக்கிறார். ஒரு கை நாடாவை எறிகிறது, மறு கை வாங்குகிறது. ஒவ்வோர் இழைக்கும் அச்சை இழுத்து அடிக்க வேண்டும். கண்கள் ஜரிகையின் மேல் இருப்பதால் தலை குனிந்தே இருக்கிறது. கோர்வைப் புடவையாக இருந்தால் கரைக்குத் தனி நாடா. அதற்குத் துணையாக இன்னொருவர், பெரும்பாலும் வீட்டுப் பெண்ணோ பிள்ளையோ, பக்கத்தில் குனிந்து அமர்ந்திருக்க வேண்டும். காஞ்சிபுரம் பட்டுக்கு 2005ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. அதை நெய்யும் முதுகைப் பற்றி அவ்வளவாக யாரும் பேசுவதில்லை.

நெசவாளருக்கு மட்டும் உரியது என்று இதை எண்ணிவிட வேண்டாம். காந்தி ரோடு பட்டுக் கடைகளில் மெத்தையில் சம்மணமிட்டு, பின்னால் திரும்பித் திரும்பிப் புடவைகளை எடுத்து விரிப்பவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். வீட்டிலிருந்தபடியே புடவைக்கு ஃபால்ஸ் தைத்து, குஞ்சம் கட்டிக் கொடுக்கும் சகோதரிகள் நிழல் விழாத இடம் தேடி வாசற்படியில் குனிந்தே அமர்ந்திருக்கிறார்கள். இளைஞர்கள் அதிகாலையில் கம்பெனிப் பேருந்து ஏறி ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் சென்று எட்டு மணி நேரம் நின்று வேலை செய்கிறார்கள். போகும்போதும் வரும்போதும் தலையைக் கவிழ்த்துக் கைப்பேசி பார்க்கிறார்கள்.

மனிதனின் தலை ஏறத்தாழ 5 கிலோ எடை உள்ளது. நிமிர்ந்திருக்கும்போது அந்தச் சுமையைப் பெரும்பாலும் எலும்புகளே தாங்கிக்கொள்ளும். குனியக் குனியப் பின்கழுத்துத் தசைகள் அதை இழுத்துப் பிடிக்க வேண்டியதாகிறது. தலை 60 பாகை கவிழும்போது கழுத்தின் மேல் விழும் விசை சுமார் 27 கிலோவுக்குச் சமம் என்று 2014இல் வெளியான ஒரு கணினிக் கணக்கீடு கூறுகிறது. கணக்கீடுதான், உயிருள்ள கழுத்தில் அளந்தது அன்று. ஆயினும் ஒரு வாளித் தண்ணீரைக் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தவர்களுக்கு விஷயம் விளங்கும்.

வலி என்று வந்தவுடன் நம் மக்கள் இரண்டு சொற்களைச் சொல்கிறார்கள். பெரியவர்கள் "வாய்வு" என்பார்கள். இளையவர்கள் "டிஸ்க்" என்பார்கள். இரண்டு சொற்களுமே மனிதனை அளவுக்கு மீறி அச்சுறுத்துகின்றன. பெரும்பாலான கழுத்து, முதுகு வலிகளுக்கு இன்ன எலும்பு, இன்ன நரம்பு என்று சுட்டிக்காட்டும்படியான கோளாறு இருப்பதில்லை. ஸ்கேன் படத்தில் "டிஸ்க் பிதுங்கியிருக்கிறது" என்று எழுதியிருந்தாலும் உடனே கலங்க வேண்டியதில்லை. வலியே இல்லாதவர்களின் ஸ்கேன் படங்களை ஆராய்ந்து 2015இல் வெளியான ஒரு தொகுப்பில், 20 வயதினரில் சுமார் 30 சதவீதம் பேருக்கும், 80 வயதினரில் 80 சதவீதத்திற்கு மேற்பட்டோருக்கும் டிஸ்க் பிதுக்கம் காணப்பட்டது. நரை விழுவதைப் போல அதுவும் வயதோடு வருவது.

இனி என் குடும்பத்துக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். என் தகப்பனார் பட்டுக் கடையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் விற்பனையாளராக இருந்தவர். இரவு வீட்டுக்கு வந்ததும் குப்புறப் படுத்துக்கொண்டு, "ஏறி மிதிடா" என்பார். சுவரைப் பிடித்துக்கொண்டு அவருடைய முதுகில் நான் நடப்பேன். நம் வீடுகளில் மிகப் பழைய மசாஜ் கருவி ஆறு வயதுப் பிள்ளைதான். எனக்கு எடை கூடியதும் அந்தப் பதவி என் தங்கைக்குப் போனது. அவளும் வளர்ந்த பிறகு அவர் மாத்திரைக்கு மாறினார். கடை முடிந்து வரும் வழியில் மருந்துக் கடையில் "முதுகு வலிக்கு" என்று சொன்னால் இரண்டு மாத்திரைகளைச் சிறு காகித உறையில் போட்டுக் கொடுப்பார்கள். சீட்டும் இல்லை, பெயரும் தெரியாது. பல ஆண்டுகள் இப்படியே சென்றன. ஒரு நாள் மலம் தாரைப் போலக் கறுத்துப் போய், தலை சுற்றி விழுந்துவிட்டார். இரைப்பையில் புண் ஏற்பட்டு இரத்தம் கசிந்திருந்தது. மருத்துவர் எங்களிடம் கேட்ட முதல் கேள்வி, "என்ன மாத்திரை சாப்பிட்டார்?" என்பதுதான். வீட்டில் ஒருவருக்கும் விடை தெரியவில்லை. அல்ஹம்துலில்லாஹ், பிழைத்துக்கொண்டார்.

இன்று உங்கள் முன் நிற்பதற்கு அந்த மாத்திரைகளே காரணம். டைக்ளோஃபினாக் போன்ற வலி மருந்துகளை மருத்துவர் சொல்லிச் சில நாட்கள் சாப்பிடுவது வேறு. மாதக் கணக்கில் தாமாகவே வாங்கி விழுங்குவது வேறு. இரைப்பை, சிறுநீரகம், இரத்த அழுத்தம் மூன்றையும் அவை கெடுக்கக்கூடும். சர்க்கரை நோயாளிகளுக்கும் முதியவர்களுக்கும் ஆபத்து இன்னும் அதிகம். கிராமப்புறங்களில் வானத்தில் வட்டமிட்ட பிணந்தின்னிக் கழுகுகள் எங்கே போயின என்று எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? இதே மருந்து செலுத்தப்பட்ட மாடுகளின் உடலைத் தின்று, சிறுநீரகம் செயலிழந்து, அவை கூட்டம் கூட்டமாக மடிந்தன. அதனால்தான் 2006இல் நம் நாட்டில் கால்நடைகளுக்கு அந்த மருந்தைப் பயன்படுத்துவது தடை செய்யப்பட்டது. மனிதனுக்கு அவ்வளவு கொடிய நஞ்சு இல்லைதான். ஆனால் பெயர் தெரியாத மாத்திரையைத் தினமும் விழுங்குபவர்கள் இந்தச் செய்தியை அறிந்து வைத்திருப்பது நல்லது.

நான் படித்து முடித்து வந்ததும், தகப்பனாருக்குப் பன்னிரண்டு உடற்பயிற்சிகளைப் படத்துடன் அச்சிட்டுக் கொடுத்தேன். மடித்து அலமாரியில் வைத்துவிட்டார். ஒரு மழை நாளில் வாசலில் நின்றிருந்தவர், குடையின் வளைந்த கைப்பிடியைத் தோளின் மேல் மாட்டி, காம்பை முன்புறமாகக் கீழே இழுத்து அழுத்திக்கொண்டிருந்தார். முகத்தில் அப்படியொரு நிம்மதி. "இது சுகமா இருக்குடா" என்றார். வெளிநாடுகளில் இதே வேலைக்காக வளைந்த பிளாஸ்டிக் கம்பிகளைச் செய்து நல்ல விலைக்கு விற்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியாது. என்னுடைய அச்சிட்ட தாளைவிட அந்தக் குடைதான் எனக்குப் பாடம் சொன்னது. கையெட்டும் இடத்தில் இருப்பதைத்தான் மனிதன் செய்வான்.

அழுத்திப் பிடிப்பதும் தேய்ப்பதும் நமக்குப் புதியவை அல்ல. சித்த மருத்துவம் இதைத் தொக்கணம் என்று அழைத்து, தட்டல், இறுக்கல், பிடித்தல், அழுத்தல் என ஒன்பது வகையாகப் பிரிக்கிறது. யூனானியில் இதற்கு தல்க் என்று பெயர். 980 முதல் 1037 வரை வாழ்ந்த இப்னு சீனா, தமது அல்கானூன் நூலில் வன்மையாகத் தேய்ப்பது உடலை இறுக்கும், மென்மையாகத் தேய்ப்பது தளர்த்தும் என்று பிரித்துக் காட்டியிருக்கிறார். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் சொன்ன இந்த வேறுபாட்டைத்தான் இன்றும் நோயாளிகளிடம் நான் மன்றாடிச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வலிக்க வலிக்க அழுத்தினால்தான் குணமாகும் என்று அவர்கள் நம்புகிறார்கள்.

அண்மைக் காலத்தில் இதைப் பரப்பியவர்களுள் முக்கியமானவர் அமெரிக்க மருத்துவர் ஜேனட் டிராவல். 1961இல் பதவியேற்ற அதிபர் கென்னடிக்குக் கடுமையான முதுகு வலி உண்டு. அவருக்குத் தனி மருத்துவராக இருந்தவர் இந்த அம்மையார். தசைகளில் கட்டிபோல் இறுகி, அழுத்தினால் வேறோர் இடத்திலும் வலியைக் காட்டும் புள்ளிகளை அவர் ஆராய்ந்து, டேவிட் சைமன்ஸ் என்பவருடன் சேர்ந்து 1983இல் பெரிய நூல் ஒன்றை வெளியிட்டார். வலியுள்ள இடத்தில் டென்னிஸ் பந்தை வைத்து அதன் மேல் படுத்துத் தாமே அழுத்திக்கொள்ளும் முறை அவர் நோயாளிகளுக்குக் கற்பித்தவற்றுள் ஒன்று. அந்தப் புள்ளிகள் உண்மையில் என்ன என்பதில் மருத்துவர்களிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. பந்து அழுத்தும்போது கட்டி "கரைவதாக" நாம் சொல்வதும் சரியான விளக்கம் அன்று. அந்த அழுத்தம் நரம்புகளின் வழியே மூளைக்குச் சென்று, வலியை உணரும் கூர்மையைச் சற்று நேரம் குறைக்கிறது. இறுகியிருந்த தசை தளர்கிறது. அந்தச் சற்று நேரத்தை எப்படிப் பயன்படுத்துகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

செய்முறை

தெருவில் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடும் சாதாரண டென்னிஸ் பந்து ஒன்று போதும். பழையதாக, சற்று மெத்தென்று ஆகியிருந்தால் இன்னும் நல்லது. சுவருக்கு முதுகைக் காட்டி, ஓரடி முன்னே தள்ளி நில்லுங்கள். தோள்பட்டை எலும்புக்கும் முதுகுத் தண்டுக்கும் நடுவே உள்ள சதைப் பகுதியில் பந்தை வைத்துச் சுவரோடு சாயுங்கள். முழங்காலைச் சற்றே மடக்கி நீட்டினால் பந்து மேலும் கீழும் உருளும். அமுங்கும்போது "ஆ, இதுதான்" என்று தோன்றும் ஓர் இடம் அகப்படும். அங்கே நிறுத்தி, அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை மெதுவாக மூச்சு விடுங்கள். பந்து தண்டெலும்பின் மேல் ஏறக்கூடாது. வலியைப் பத்துக்கு அளந்தால் ஐந்தைத் தாண்டக்கூடாது. பல்லைக் கடிக்க நேர்ந்தால், மூச்சை அடக்க நேர்ந்தால், அழுத்தம் அதிகம் என்று பொருள். சுவரை விட்டுச் சற்று விலகுங்கள். ஒரு பக்கத்திற்கு இரண்டு மூன்று நிமிடங்களுக்கு மேல் வேண்டாம். பந்து நழுவி விழுந்துகொண்டே இருக்கிறது என்று சிலர் கோபித்துக்கொள்வார்கள். பழைய காலுறைக்குள் போட்டு, அதன் நுனியைத் தோளுக்கு மேலாகக் கையில் பிடித்துக்கொண்டால் நழுவாது.

அதே காலுறையில் இரண்டு பந்துகளை நெருக்கிப் போட்டு முடிந்தால் கழுத்துக்கான கருவி ஆயிற்று. மல்லாந்து படுத்து, பின்மண்டை கழுத்தோடு சேரும் இடத்தில், தண்டுக்கு இருபுறமும் ஒவ்வொரு பந்து வரும்படி வைத்து, "ஆம்" என்று சொல்வதைப் போல மிக மெதுவாகத் தலையசைக்க வேண்டும். தலையின் எடையே போதும். கையால் அழுத்த வேண்டாம். கழுத்தின் பக்கவாட்டிலும் முன்புறத்திலும் எந்தக் கருவியும் படக்கூடாது. மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய்கள் அங்கே இருக்கின்றன.

கழுத்துக்கும் தோளுக்கும் இடையே உள்ள மேட்டுக்கு என் தகப்பனாரின் குடையோ, கைத்தடியின் வளைந்த பிடியோ உதவும். இழுத்துப் பிடித்து, தலையை மறுபுறம் மெல்லச் சாய்த்தால் தசை நன்றாக நீளும். இடுப்பு வலி என்று வருபவர்களில் கணிசமானோருக்கு வலியின் ஒரு பகுதி பிட்டத் தசையில் இருக்கிறது. தறிப் பலகையிலும் மெத்தையிலும் நெடுநேரம் அமர்வோர் அங்கே பந்தை வைத்துச் சுவரில் சாய்ந்து பார்க்கட்டும். தொடைக்குச் சப்பாத்திக் கட்டையை உருட்டலாம். ஆனால் முதுகெலும்பின் மேல் கட்டையையோ அம்மிக் குழவியையோ உருட்ட வேண்டாம். பொருட்காட்சிகளில் விற்கும் முள் முள்ளான மர உருளைகளும் இதே வேலையைத்தான் செய்கின்றன. வாங்கி வைத்திருப்பவர்கள் பயன்படுத்துங்கள். இல்லாதவர்கள் காசைச் செலவழிக்க வேண்டியதில்லை. பந்து வைப்பதற்கு முன் பத்து நிமிடம் தவிட்டு ஒத்தடமோ வெந்நீர்த் துணியோ வைத்தால் தசை எளிதில் இளகும். சர்க்கரை நோயால் தோல் உணர்ச்சி குறைந்தவர்கள் சூட்டைப் பிறரைக் கொண்டு சோதித்த பின்பே வைக்க வேண்டும். சுட்டுக்கொண்டதே தெரியாமல் கொப்புளத்தோடு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இப்போது அந்தச் "சற்று நேரம்" பற்றி. பந்தை எடுத்து வைத்துவிட்டு மறுபடியும் அதே குனிந்த நிலைக்குப் போனால், மாலைக்குள் வலி திரும்பிவிடும். வலி தணிந்திருக்கும்போதே தோள்களைப் பின்னோக்கிப் பத்துச் சுற்று சுற்றுங்கள். தாடையை உள்ளிழுத்துக் கழுத்தை நிமிர்த்துங்கள். கைகளை இடுப்பில் ஊன்றிப் பின்னால் மெல்ல வளையுங்கள். ஒரு நடை நடந்து வாருங்கள். தறியில் இருப்பவர்களுக்கு நான் சொல்லும் கணக்கு எளிது. நாடாவில் தார் தீரும்போதெல்லாம் தோளைச் சுற்றுங்கள்; அரை மணிக்கொரு முறை குழியை விட்டு எழுந்திருங்கள். "எழுந்தால் கூலி போகும்" என்று ஒரு நெசவாளர் என்னிடம் சொன்னார். அவர் சொன்னதில் நியாயம் உண்டு. அவருக்கு நான் பதில் சொல்லவில்லை. எழுந்து நிற்பதற்கு ஆகும் நேரத்தைக் கடிகாரத்தில் காட்டினேன். முக்கால் நிமிடம்.

2020ஆம் ஆண்டில் உலகில் சுமார் 62 கோடி மக்கள் கீழ்முதுகு வலியால் அவதிப்பட்டனர் என்பது உலக சுகாதார நிறுவனம் தரும் கணக்கு. அந்நிறுவனம் 2023 டிசம்பரில் நாட்பட்ட முதுகு வலிக்கான வழிகாட்டுதலை வெளியிட்டது. உடற்பயிற்சி, விளக்கக் கல்வி, மசாஜ் போன்றவற்றை ஏற்றுக்கொண்ட அது, இடுப்புப் பட்டைகளை வழக்கமாக அணிவதைப் பரிந்துரைக்கவில்லை. ஆயிரக்கணக்கில் விலை கொடுத்துப் பட்டை வாங்கி ஆண்டுக் கணக்கில் கட்டிக்கொண்டிருப்பவர்கள் உங்கள் மருத்துவரிடம் இதைப் பற்றிக் கேளுங்கள். அறுவை சிகிச்சைக்குப் பின் கட்டச் சொல்லப்பட்டவர்கள் தாமாகக் கழற்றிவிட வேண்டாம்.

பந்தைத் தொடக்கூடாத வேளைகள்

இதைச் சொல்லாமல் போனால் நான் தவறு செய்தவன் ஆவேன். நெஞ்சிலோ மேல் முதுகிலோ அழுத்தும் வலியுடன் வியர்வை, மூச்சுத் திணறல், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி இருந்தால் அது மாரடைப்பாக இருக்கலாம். அதை "கேஸ்" என்று சொல்லிச் சோடா குடித்து, முதுகைத் தேய்க்கச் சொல்லிப் படுத்துக்கொள்ளாதீர்கள். 108ஐ அழையுங்கள். காலில் பலம் குறைவது, சிறுநீர், மலம் கட்டுப்பாடின்றிப் போவது அல்லது வராமலே நிற்பது, உட்காரும் பகுதி மரத்துப்போவது ஆகியவை நரம்பு நசுங்குவதன் அறிகுறிகள். அன்றே மருத்துவமனை செல்ல வேண்டும். மாலைக் காய்ச்சல், எடைக் குறைவு, இரவில் எழுப்பும் வலி ஆகியவை முதுகெலும்புக் காசநோயாகவோ வேறு பெரிய நோயாகவோ இருக்கலாம். கீழே விழுந்த பின் வந்த வலிக்கும், முன்பு புற்றுநோய் இருந்தவர்களுக்கும் முதலில் பரிசோதனை வேண்டும். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், எலும்பு தேய்ந்து மெலிந்த மூதாட்டிகள், கர்ப்பிணிகள் கேட்டறிந்த பின்பே செய்யலாம். ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் அந்தக் கெண்டைக்காலில் எதையும் உருட்டக்கூடாது. இரத்தக் கட்டி இருக்கக்கூடும். சுளுக்கு எடுப்பதாகக் கழுத்தை வெடுக்கென்று திருப்ப எவரையும் அனுமதிக்காதீர்கள். அப்படித் திருப்பிய மறுநாள் கை மரத்துப்போய் என்னிடம் வந்தவர் ஒருவர் உண்டு. பெயரும் இடமும் வேண்டாம்.

நடமாட முடியாத பெரியவர்கள் வீட்டில் இருந்தால், 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து செய்யும் இயன்முறை சிகிச்சையும் சேர்க்கப்பட்டிருக்கிறது. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

நாற்காலியில் தொழும் இளைய சகோதரர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. வலி கடுமையாக இருக்கும் நாட்களில் நாற்காலியில் அமருங்கள், தவறில்லை. வலி தணிந்த பின்னும் பயத்தினாலேயே அதில் தங்கிவிட்டவர்கள் சிலர் இருக்கிறீர்கள். தரையில் அமர்ந்து எழும் பழக்கம் விட்டுப்போனால் தொடையும் இடுப்பும் மேலும் பலவீனமாகும். அவர்கள் என்னிடம் வாருங்கள்; எவ்வாறு படிப்படியாகத் தரைக்குத் திரும்பலாம் என்று பார்ப்போம், இன்ஷா அல்லாஹ்.

வாசல் ஓரத்து மேசையில் முப்பது பந்துகளும் துவைத்த காலுறைகளும் வைத்திருக்கிறேன். பெண்களுக்கான பந்துகள் மத்ரஸா அறையில் இருக்கின்றன. என் துணைவியார் அங்கே செய்து காட்டுவார். ஆண்கள் வலப்புறச் சுவருக்கு வாருங்கள். இடப்புறச் சுவரில் சுண்ணாம்பு இன்னும் காயவில்லை என்று முஅத்தின் அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள்.